அப்பா எழுத்தா, கணவர் எழுத்தா: வாக்காளர் அட்டையும் பாஸ்போர்ட்டும்

6.11.2025, வாசகர் ஒருவர் எழுதியது

வாக்காளர் பட்டியலைப் புதிதாகச் சரிபார்த்துத் தயாரிக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான (எஸ்.ஐ.ஆர்.) படிவம் வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். இத்தனை வருடங்களில் எல்லா ஆவணங்களையும் ஒரே பெயரில் வைத்துக்கொள்ளாதது மக்களின் அலட்சியம் அல்லாமல் வேறென்ன? என்னிடம் எல்லாம் சரியாக இருக்கின்றன. பாஸ்போர்ட் வாங்கப் போனபோது நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. அவரவர் ஒழுங்காக இருந்தால் யாரும் எங்கும் அலைய வேண்டியதில்லை.

6.11.2025, இரவு, அவருக்கு என் பதில்

நீங்கள் ஆண். அதனால்தான் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. கோபத்தில் சொல்லவில்லை, உண்மையிலேயே அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கும் அவ்வளவு நேரம்தான் ஆனது. பிறந்ததிலிருந்து என் பெயருக்கு முன்னால் ஒரே எழுத்துதான் நிற்கிறது, அப்பாவின் எழுத்து. பள்ளிச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், ஆதார் என்று எதை எடுத்தாலும் அதே எழுத்து.

என் அம்மாவின் தாள்களைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளியில் 'ரா.', அது தாத்தாவின் எழுத்து. 1976-இல் கல்யாணம் ஆனதும் ரேஷன் அட்டையில் 'கா.', அது அப்பாவின் எழுத்து. அம்மாவின் பெயர் '-அம்மா' என்று முடியும். ரேஷன் அட்டை எழுதியவர் மரியாதையாக இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு 'ள்' சேர்த்துவிட்டார். அதைப் பார்த்து வாக்காளர் அட்டை, அதைப் பார்த்து வங்கிப் புத்தகம், அதைப் பார்த்து ஆதார். பெயரை அம்மா ஒரு நாளும் மாற்றவில்லை. எழுதியவர்கள்தான் மாற்றிக்கொண்டே போனார்கள். இதில் எது அலட்சியம்?

7.11.2025

நேற்று அவசரத்தில் பாதி சொல்லி நிறுத்திவிட்டேன். முழுக் கதையையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

2022-இல் தங்கை ஷார்ஜாவில் இருந்தாள். தலைப்பிரசவம், அடுத்த ஜனவரியில் நாள் குறித்திருந்தார்கள். அம்மா போய் இரண்டு மாதம் இருந்து பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அம்மாவுக்கு அப்போது 65 வயது. பாஸ்போர்ட் கிடையாது, பிறப்புச் சான்றிதழும் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வீட்டில் பிறந்த பெண் குழந்தையைப் போய்ப் பதிவு செய்தவர்கள் குறைவு.

பிறந்த தேதிக்கு, படித்த பள்ளியின் சான்று செல்லும் என்றார்கள். பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை பீரோவைத் திறந்து 1962-ஆம் ஆண்டின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். ஓரமெல்லாம் செல்லரித்த, நீளவாக்கிலான நோட்டு. நீல மசி பழுப்பாக மாறியிருந்தது. அம்மாவின் பெயர் பதினேழாவது வரியில் இருந்தது. தந்தை தொழில் 'விவசாயக் கூலி', பிறந்த தேதி 1-6-1957. அதே பக்கத்தில் இன்னும் ஆறு குழந்தைகளுக்கும் ஜூன் முதல் தேதிதான். பள்ளி திறக்கும் நாளில் வயது சரியாக வரும்படி வாத்தியார் போட்ட தேதி அது. அம்மா பிறந்தது மார்கழியில் என்று ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அம்மா பிறந்ததற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே எழுத்துச் சாட்சி அந்த வரிதான். தலைமையாசிரியை அதைப் பார்த்து எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். தேநீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

பாஸ்போர்ட் சேவை மையத்தில் மூன்று கவுண்டர்கள் உண்டு. 'ஏ'யில் தாள்களை ஸ்கேன் செய்து, புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். 'பி'யில் அதிகாரி ஆவணங்களைச் சரிபார்ப்பார். 'சி'யில் வழங்கலாமா என்று முடிவு செய்வார்கள். 'ஏ'யில் அம்மாவின் கட்டைவிரல் பதியவே இல்லை. நாற்பது வருடம் நாற்றுப் பறித்த விரல், ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அங்கிருந்த பெண் ஈரத் துணியால் துடைத்து, தன் இரண்டு கைகளாலும் அம்மாவின் விரலை அழுத்திப் பிடித்து, ஏழாவது முறை பதிய வைத்தாள். "மன்னிச்சுக்கம்மா, வலிக்குதா?" என்று அவள் கேட்டதை அம்மா இன்றும் சொல்வார்.

'பி'யில் நின்றுவிட்டது. பள்ளிச் சான்றில் 'ரா.', 'ள்' இல்லை. ஆதாரில் 'கா.', 'ள்' உண்டு. இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் வாங்கிய உறுதிமொழியைக் காட்டினேன். ஏற்கவில்லை. ஆதாரைப் பள்ளிச் சான்றுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மா வெளியே வந்து படியில் உட்கார்ந்து, "நான் நான்தான்னு இவங்களுக்கு யாருப்பா சொல்றது?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

7.11.2025, சற்று நேரம் கழித்து

கட்டணம் வீணாயிற்றா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. கட்டிய 1500 ரூபாயை வைத்தே மறுபடியும் நேரம் வாங்கினோம்.

ஆதார் திருத்தத்துக்கு கெசட்டட் அதிகாரியின் கையெழுத்தோடு ஆதாருக்கென்றே உள்ள சான்றுப் படிவம் செல்லும். அதைத்தான் கொடுத்தோம். ஒரு எச்சரிக்கை: ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். அவசரப்பட்டுத் தப்பாக மாற்றிவிட்டால் பிறகு பெரும்பாடு.

9.11.2025

திருத்தம். மேலே 1500 என்று எழுதியது தவறு. அம்மாவின் ரசீதைத் தேடி எடுத்தேன், 1350 என்று இருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்கள் புதிதாக விண்ணப்பித்தால் 10 சதவீதம் தள்ளுபடி. 1500 நான் எனக்குக் கட்டியது.

10.11.2025

போலீஸ் விசாரணை பற்றிக் கேட்டவருக்கு. வந்தார்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கேட்டார்கள். போகும்போது ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். தங்கைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாது. அதற்குப் பின் அதே தெருவில் இரண்டு வீடுகளில் கேட்டார்கள் என்று அறிந்தபோது மனம் மிகவும் வருந்தியது. நான் மறுத்திருந்தால் அவர்களும் மறுத்திருக்கக்கூடும்.

12.11.2025

பாஸ்போர்ட் கைக்கு வந்ததோடு கதை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தோம்.

விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். அம்மாவுக்கு விரித்து எழுதுவதென்றால் தாத்தாவின் பெயரா, அப்பாவின் பெயரா? எதற்கு வம்பு என்று குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டோம். தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள்.

2022 நவம்பர் 21 அன்று ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து அறிவிப்பு வந்தது: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதி கிடையாது. அம்மாவுக்கு டிசம்பர் 11-க்கு டிக்கெட் எடுத்தாயிற்று. தங்கை போனில் அழுகிறாள். சில நாள்களில், பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது. 1980-களிலேயே இறந்துபோன தாத்தா, பேத்தியின் பிரசவத்துக்கு மகளை அனுப்பி வைத்தார். அம்மா திருச்சி விமான நிலையத்தில் அந்தப் பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இன்று விண்ணப்பிப்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அப்பா பெயரோ கணவர் பெயரோ, வீட்டில் பேசி ஒன்றை முடிவு செய்து, அதையே கடைசி வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

12.11.2025, பின்குறிப்பு

'பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குக் குடியகல்வு அனுமதி முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்ற குறி) விழுமே, உங்கள் அம்மாவுக்கு எப்படி?' என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நானும் அதற்குப் பயந்து பத்து நாள் தூங்கவில்லை. 50 வயதைக் கடந்தவர்களுக்கு அது கிடையாது. யாராவது அப்போதே சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன், அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

16.11.2025

எஸ்.ஐ.ஆர். பக்கம் வருகிறேன், முதல் கேள்வியே அதுதான்.

எங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். காலையில் குழந்தைகளுக்குச் சத்துமாவு, மதியம் பதிவேடு, மாலையில் வீடு வீடாகப் படிவம். எங்கள் வீட்டுக்கு மட்டும் மூன்று முறை வந்தார். அலுவலகங்கள் மேல் இருந்த கோபத்தில் முதலில் எழுதிய குறிப்புகளைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இவரைப் போன்றவர்களுக்கு அது பொருந்தாது. இவர்கள் மேல் ஏற்றப்பட்டிருக்கும் சுமை நியாயமில்லாதது.

படிவத்தில் கேட்பது இதுதான்: கடைசியாகத் தீவிரத் திருத்தம் நடந்தபோது (தொகுதியைப் பொறுத்து 2002 அல்லது 2005) உங்கள் பெயர் எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது? இல்லையென்றால் உங்கள் பெற்றோரின் பெயர் எங்கே இருந்தது? எனக்கு ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. அதே ஊர், அதே தெரு. அம்மாவுக்கும் கிடைத்தது, 'ள்' உடன்.

மனைவிக்குத்தான் கிடைக்கவில்லை. 1983-இல் பிறந்தவள், 2006-இல் கல்யாணம். பிறந்த ஊர் வலங்கைமான் பக்கம். வலங்கைமான் என்ற சட்டமன்றத் தொகுதியே 2008 மறுவரையறையோடு போய்விட்டது. பழைய பட்டியலை அந்தப் பழைய தொகுதிப் பெயரில்தான் தேட வேண்டும் என்று தெரிவதற்கே இரண்டு நாள் ஆயிற்று. ஆண் பிறந்த ஊரிலேயே இருக்கிறான், அவன் பெயரும் அங்கேயே இருக்கிறது. பெண் ஊர் மாறுகிறாள், எழுத்தும் மாறுகிறது. இருபது வருடம் கழித்து, பழைய ஊரில் யாருடைய மகள் என்று நிரூபி என்று அவளிடம் கேட்கிறோம்.

19.11.2025

மாமனார் பெயர் கிடைத்துவிட்டது.

நான்கு இரவுகள். ஸ்கேன் செய்த பக்கங்கள், தேடினால் எழுத்துகள் அகப்படுவதில்லை, ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். நேற்று மூன்றாவது பாகத்தில் மனைவி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது எங்கள் தெரு." கதவு எண் வரிசையில் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. அவள் விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனாள். இது மேலவீட்டுப் பெரியம்மா, தவறிவிட்டார். இது டெய்லர் மாமா, திருப்பூருக்குப் போய்விட்டார். இது என்னோடு படித்தவளின் அண்ணன். இந்த வீடு இப்போது இல்லை, புயலில் விழுந்தது. அப்படியே போய் மாமனார் பெயரில் விரல் நின்றது. ஒரு எழுத்து பிழையாக இருந்தது. வயது 51 என்று போட்டிருந்தது. அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

அவள் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துத் தன் தங்கைகளுக்கு அனுப்பினாள். படிவத்தை இன்று காலைதான் நிரப்பினோம்.

20.11.2025

வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டது, வாக்களிக்கவே முடியாதா என்று கேட்பவர்களுக்கு: பட்டியலில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை என்று பலவற்றில் ஒன்று போதும். ரேஷன் அட்டை அந்த வரிசையில் கிடையாது. 2019-இல் அம்மா வங்கிப் புத்தகத்தைக் காட்டித்தான் வாக்களித்தார். அட்டை இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால்தான் எதுவும் செய்ய முடியாது.

அம்மாவின் பழைய அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993-இல் உத்தரவாகி வந்த அட்டைகளில் ஒன்று அது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிறுத்திப் படமெடுத்தார்கள். அதில் பிறந்த தேதி கிடையாது, '1.1.1995 அன்று வயது 35' என்று இருக்கும். பள்ளிப் பதிவேட்டுக் கணக்கில் 37 முடிந்திருக்க வேண்டும். கேட்டவர் கேட்டார், சொன்னவர் உத்தேசமாகச் சொன்னார்.

23.11.2025

'ஆவணம் இல்லாதவர்கள் குடிமக்களே அல்லர்' என்று எழுதியிருக்கும் அன்பருக்கு.

மண்டபம் அகதிகள் முகாமில் 1986-இல், இலங்கையிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்த பெண் ஒருவர், திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்தவர், பாஸ்போர்ட் கேட்டார். மறுக்கப்பட்டது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் என்று 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. அதைக் காட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022-இல் அவருக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. பாஸ்போர்ட் கிடைத்தது, பிறகு வாக்காளர் அட்டை கிடைத்தது, 2024 ஏப்ரல் 19 அன்று வாக்களித்தார். பிறந்த நாளிலிருந்தே அவர் குடிமகள். அதற்கான காகிதம் வந்து சேர முப்பத்தாறு வருடம் பிடித்தது.

24.11.2025

நேற்றைய குறிப்பு கடுமையாக இருந்ததாகத் தனியே எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும்.

2.12.2025

கடைசி நாள் டிசம்பர் 4 என்றிருந்தது 11 ஆகியிருக்கிறது. எங்கள் வீட்டுப் படிவங்கள் போய்விட்டன.

ஒரு விஷயம் மனத்தை விட்டுப் போகவில்லை. வரைவுப் பட்டியலுக்குப் பின் நோட்டீஸ் வந்தால் காட்ட வேண்டிய ஆவணங்கள் என்று பதினொன்றைச் சொல்லியிருக்கிறார்கள். பாஸ்போர்ட் இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கிறது. வாக்காளர் அட்டை இல்லை. ஆதாரும் பீகாரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான், அடையாளத்துக்கு மட்டும் என்று சேர்ந்தது. ஆனால் பாஸ்போர்ட் வாங்கப் போகும்போது வாக்காளர் அட்டை ஏற்கத்தக்க சான்று. அம்மாவின் வயதில் உள்ள, பள்ளிக்கே போகாத, வெளிநாடு போகாத, வீட்டில் பிறந்த ஒரு பெண்ணிடம் இந்தப் பதினொன்றில் எது இருக்கும்? யோசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

14.12.2025

மறுபடியும் நீட்டித்து, இன்றுதான் கடைசி நாள். அங்கன்வாடி அம்மாவை மதியம் பார்த்தேன். காலில் வீக்கம். பூட்டிய வீடுகளுக்கு நான்காவது சுற்று போய்க்கொண்டிருந்தார்.

20.12.2025

நேற்று வரைவுப் பட்டியல் வந்தது. 6.41 கோடியாக இருந்தது 5.43 கோடியாகியிருக்கிறது, 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் நீக்கம். இறந்தவர்கள் இருக்கிறார்கள், இரட்டைப் பதிவுகள் இருக்கின்றன, அவற்றை நீக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் அம்மா, மனைவி, நான் மூவரும் இருக்கிறோம்.

என் அத்தை இல்லை. அப்பாவின் தங்கை, எழுபது வயது, மாமா போன பிறகு திருப்பூரில் மகள் வீட்டில் ஆறு மாதம், ஊரில் ஆறு மாதம். படிவம் வந்தபோது வீடு பூட்டியிருந்தது, இடம் மாறியவர் கணக்கில் போய்விட்டார். நான் மனைவியின் ஊருக்காக நான்கு இரவு விழித்தேன். நாலு வீடு தள்ளி இருக்கும் அத்தையின் வீட்டுப் பூட்டைத் தினமும் பார்த்துக்கொண்டே போனேன், தோன்றவில்லை. முதலில் எழுதிய வாசகரே, அலட்சியம் என்று நீங்கள் சொன்னது இந்த ஓர் இடத்தில் எனக்குப் பொருந்தும்.

புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6, கூடவே உறுதிமொழி. ஜனவரி 18 வரை நேரம் இருக்கிறது.

27.12.2025

அத்தையை அழைத்து வந்துவிட்டோம். பழைய பட்டியலில் பெயர் இருக்கிறது, கணவர் பெயரோடு. ஆதாரில் அப்பா எழுத்து! மாமா இறந்த பிறகு மகள் திருத்தம் செய்யப் போய், அங்கே கேட்ட கேள்விக்கு அத்தை தன் அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறார். "அவர்தான் போயிட்டாரே, பின்ன யாரு பேரச் சொல்றது?" என்கிறார்.

மகளுக்கு இந்த அக்டோபரில் 18 முடிந்தது. அவளுக்கும் படிவம் 6 நிரப்பினோம். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நான்கு தகுதி நாள்கள் இருப்பதால் முன்போல ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்புச் சான்று, ஆதார் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். ஒன்றாகத்தான் இருந்தன. "கல்யாணம் ஆனாலும் இத மாத்த மாட்டேன்" என்றாள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே, "மாத்தாத" என்றார்.

11.1.2026

அத்தையின் விண்ணப்பத்துக்கு விசாரணை நாள் குறித்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பழைய பட்டியலின் பக்கம், ஆதார், மாமாவின் இறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை நான்கையும் ஒரே பையில் வைத்திருக்கிறேன். பத்திரிகை 1974-இல் அச்சடித்தது, மடிப்பில் கிழிந்திருக்கிறது. அதில் அத்தையின் பெயர் அப்பா எழுத்தோடும், அடுத்த வரியில் மாமாவின் பெயரும் இருக்கின்றன. இது ஏற்கப்படும் ஆவணம் அல்ல என்று தெரியும். அத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார், எடுத்துப் போகிறேன்.